கேட்காமல் வாங்கிக்கொண்டது

செய்தி வந்தபோது பல்காரர் மெழுகில் ஒரு கீழ்வரிசைப் பல்லை அடுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் பல் செட்டு செய்து கொடுப்பார். மீன் வளர்ப்போர் சங்கத்தில் எல்லாருக்கும் தொழில்தான் பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பவர் லிஃப்ட்காரர், ஸ்டூடியோ வைத்திருப்பவர் போட்டோகாரர். அச்சகத்தை மூடிவிட்டு ஓய்வாக இருந்தவர் மட்டும் தலைவர்.

தலைவர்தான் வாட்ஸப்பில் போட்டிருந்தார். நம் லிஃப்ட்காரர் நேற்று தற்கொலை செய்துகொண்டார், ஆழ்ந்த வருத்தம். அதன் கீழே பதினேழு பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். பதினெட்டாவது ஆள், "தொட்டியெல்லாம் யார் பாத்துக்கறாங்க? ஹீட்டர் நின்னா டிஸ்கஸ் தாங்காது" என்று கேட்டிருந்தார். அதற்கும் கீழே இன்னொருவர்: "அந்தச் சிவப்பு ஜோடி இப்ப யார்கிட்ட இருக்கு?"

ஜோடி பல்காரர் வீட்டில் இருந்தது.

டிஸ்கஸ் தட்டைப் போல வட்டமான மீன். அதில் ஜோடி அமைவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஏழெட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவற்றில் இரண்டு தாமாக ஒன்றை ஒன்று தேடிக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். லிஃப்ட்காரர் மூன்று வருடம் காத்திருந்தார். அப்படி அமைந்த ஜோடியை, மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெர்மகோல் பெட்டியில் வைத்து அவரே கொண்டுவந்தார்.

"இத நீங்க வெச்சுக்கோங்க."

"எத்தனை நாளைக்கு?"

"வெச்சுக்கோங்க, பல்காரரே."

பல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் மனுஷன் மனசு மாறிவிடுவாரோ என்று விழுங்கிக்கொண்டார். டீ போடச் சொன்னார். லிஃப்ட்காரர் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அந்த இருபது நிமிடமும் பல்காரர் மீன் இருந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் மனைவியிடம், "இன்னைக்கு யார் முகத்துல முழிச்சேனோ" என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது யோசித்துப் பார்த்தார். ஆண் மீனின் செவுளுக்குப் பின்னால் எத்தனை கோடு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அன்று லிஃப்ட்காரர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. டீயைக் குடித்தாரா என்பதுகூடத் தெரியாது.

சாவுக்குப் போனபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்தார். நாலாம் நாள்தான் தனியாகப் போனார். லிஃப்ட்காரரின் மனைவி பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர். முன்னறையில் இரும்பு ரேக்கில் ஆறு தொட்டிகள். மூன்றில் விளக்கே போடவில்லை.

"உக்காருங்கண்ணா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா."

"ஆறு மாசமா அவருக்குத் தூக்கம் கிடையாது. டாக்டர்கிட்ட போலாம்னா அடுத்த வாரம்பார். வாராவாரம் அடுத்த வாரம்தான். வேலைக்குப் போவார், வருவார், செவுத்தப் பாத்துப் படுத்துப்பார். ஞாயித்துக்கிழமை மட்டும் ஷேவ் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, உங்க மீட்டிங்குக்குக் கெளம்புவார். நானும் சரி, அங்க நாலு பேர் இருக்காங்க, ஒருத்தர் கண்ணுலயாவது படும்னு இருந்தேன்."

பல்காரர் விளக்கில்லாத தொட்டியைப் பார்த்தார்.

"மூணு மணி நேரம் என்னதான் பேசுவீங்க?"

"தண்ணியப் பத்தி" என்றார். சொன்னதும் அவருக்கே வெட்கமாக இருந்தது. "தண்ணி, தீனி, சீக்கு. இதுதான்மா."

"யாருக்குச் சீக்கு?"

"மீனுக்கு."

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. அதற்குமேல் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டார். "அந்த ஜோடிய என்கிட்ட கொடுத்துட்டாரும்மா. நான் ஏன்னு கேக்கல. வாங்கி வெச்சுக்கிட்டேன்."

"தெரியும். பெட்டிக்கு டேப் ஒட்டினதே நான்தானே."

பல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலையக் கொறைச்சுக்கறார், நல்லதுதானேன்னு நெனச்சேன். போட்டோகாரருக்குப் பெரிய ஃபில்டர். தலைவருக்கு மீன் வளர்ப்பு பத்தின அந்தத் தடி புஸ்தகம். உங்களுக்கு ஜோடி. எல்லாரும் வாங்கிட்டீங்க. ஒருத்தராவது எனக்கு ஒரு போன் போட்டு, என்னம்மா இதுன்னு கேட்டிருந்தா, எனக்குக் கொஞ்சம் பொறி தட்டியிருக்கும்." புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "உங்களச் சொல்லி என்ன? கூடவே இருந்த எனக்கே தட்டல."

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம் நடந்தது. வழக்கமான வாடகை அறைதான், வழக்கமான மடக்கு நாற்காலிகள்தான். மேஜையில் லிஃப்ட்காரரின் படம். கையில் வலையோடு சிரிக்கிறார். எழுந்தவர்கள் எல்லாரும் அந்தச் சிரிப்பைப் பற்றியே பேசினார்கள். எப்பவும் சிரிச்ச முகம், யாருக்கும் ஒரு சொல் கடுமையாப் பேசினதில்ல, இப்படிப் பண்ணுவார்னு யாருமே எதிர்பார்க்கல. கடைசியில் தலைவர் எழுந்து, இந்த வருடக் கண்காட்சியில் சிறந்த ஜோடிக்கு லிஃப்ட்காரர் நினைவாக ஒரு கோப்பை தரலாம் என்றார். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு பேர் தட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

பல்காரர் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை.

"தலைவரே, அந்தப் புஸ்தகத்த அவர் உங்களுக்கு எப்ப கொடுத்தார்?"

"எந்தப் புஸ்தகம்?"

"தடி புஸ்தகம். இரவல்கூடத் தர மாட்டாரே, அது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மாசம். ஏன்?"

"ஏன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இது அதுக்கான இடம் இல்ல, பல்காரரே."

"வேற எது இடம்? போட்டோகாரரே, உங்களுக்கு ஃபில்டர். இங்க இன்னும் யாராருக்கு என்னென்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நாம ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக்கூட இல்ல, அடுத்தவன் பொறாமைப்படுவான்னு."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? நீங்க மட்டும் பெரிய யோக்கியரோ?"

"இல்ல. ஜோடி என்கிட்டதான் இருக்கு. இந்தக் கூட்டத்துல பெரிய பங்கு எனக்குத்தான்."

சொல்லிவிட்டு வெளியே வந்தார். யாரும் பின்னால் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை போட்டோகாரர் மட்டும் போன் செய்து, "நீங்க பேசினது சரி, ஆனா பேசின விதம்..." என்று இழுத்தார். "அந்த ஃபில்டர் இப்ப ஓடுதா?" என்று பல்காரர் கேட்டார். "ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போட்டோகாரர் வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஜோடி முட்டை போட்டது. இரண்டும் மாறி மாறித் துடுப்பால் முட்டைகளை விசிறிக்கொண்டு நின்றன. பல்காரரின் கை தானாகப் போனுக்குப் போய், லிஃப்ட்காரரின் எண்ணை எடுத்துவிட்டது. பதினோரு வருடப் பழக்கம். அவர்களுடைய பழைய பேச்சையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். எத்தனை டிகிரி, எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது. ஏழு மாதம் முன்னால், ஒரே ஓர் இடத்தில், லிஃப்ட்காரர் எழுதியிருந்தார்: "கொஞ்ச நாளா எதுலயும் மனசு ஒட்டல." அதற்குப் பல்காரர் அனுப்பிய பதில்: "தண்ணிய மாத்திப் பாருங்க." அவர் தொட்டியைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மீன்கள் தங்கள் முட்டைகளைத் தாங்களே தின்றுவிட்டன. டிஸ்கஸ் அப்படிச் செய்வதுண்டு. பல்காரருக்கு வருத்தம் வரவில்லை. பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

மாதக் கடைசியில் லிஃப்ட்காரரின் மனைவி தொட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பினாள். சங்கத்திலிருந்து நாலு பேர் வந்து, வலையும் பிளாஸ்டிக் பையுமாக ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்தார்கள். யார் எதை எடுப்பது என்று தாழ்ந்த குரலில் ஒரு சின்ன வாக்குவாதம்கூட நடந்தது. பல்காரர் எதையும் எடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் சுமந்து கொட்டினார். கடைசித் தொட்டியின் காற்று பம்பை ஒருவர் பிடுங்கப் போனபோது அவள் சமையலறையிலிருந்து வந்தாள்.

"அது இருக்கட்டும்."

"மீன் இல்லாம பம்பு எதுக்குங்க?"

"சத்தத்துக்கு. அது நின்னா வீடு அடைச்சுப்போகுது."

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். வெறுந்தண்ணீரில் குமிழி போய்க்கொண்டிருந்தது. பல்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தவர், அதை வெளியே எடுத்தார்.

"நீங்க ராத்திரி தூங்கறீங்களாம்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த முறை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லண்ணா" என்றாள். "உக்காருங்க."