கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கேமராவின் பயன்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியை ஒருவர் கேட்டார்; நானும் ஆகட்டும் என்று வாயை விட்டுவிட்டேன். உட்கார்ந்து எழுதினால் பரீட்சைத்தாள் மாதிரி வந்தது. கேமரா கலைக்குப் பயன்படுகிறது, அறிவியலுக்குப் பயன்படுகிறது, அன்றாட வாழ்விலும்— அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ளத் தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோக்காரர் என் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தினார். "மனசுக்குள்ள சிரிங்க. வாய் சும்மா இருக்கட்டும்" என்றார். எடுத்து முடித்துப் படத்தை வெட்டும்போது, ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல, "போன வாரம் நான் ஒரு கேமராவை முழுங்கினேன் சார். நாளைக்கு இன்னொண்ணு முழுங்கணும்" என்றார்.

அவர் சொன்னது முதல் கேமராவின் கதை. இரண்டாவதன் கதை நான் கட்டியது. அவர் நிஜம், நான் சேர்க்கும் சரக்குக்கு மட்டும் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் மேகமூட்டமாக—" (வேண்டாம். அவர் வேலை பார்ப்பது ஜன்னலே இல்லாத அறையில். வானத்துக்கு அங்கே என்ன வேலை?)

இரண்டாவது: "ஓர் இருட்டுப் பெட்டி, அதில் ஒரு சிறு துளை, வெளியே ஓர் உலகம்—" (மறுபடியும் பரீட்சைத்தாள்.)

மூன்றாவது. இது நிற்கட்டும்:

போட்டோக்காரருக்கு உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட்டார். கேமராவைப் பிடித்த கை நடுங்கியபோதுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே எங்கோ கசிகிறது என்றார் டாக்டர் அம்மா. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழேயிருந்தும் விட்டுப் பார்த்தார்கள். நடுவில் சுருண்டு கிடக்கும் சிறுகுடலில் பெரும்பகுதிக்கு இரண்டுமே எட்டவில்லை.

"அதுக்குத்தான் இது" என்று டாக்டர் உள்ளங்கையை நீட்டினார். கொஞ்சம் பெரிய மாத்திரை. ஒரு முனையில் கண்ணாடிக் குமிழ். அதற்குள் குட்டி விளக்குகள் விட்டுவிட்டு மின்னின.

போட்டோக்காரர் அதைப் பக்கவாட்டில், நுனிவிரலால் எடுத்தார்.

"லென்ஸ்ல கை படக்கூடாது இல்ல?"

"சார், நீங்க அதை முழுங்கப் போறீங்க."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்து மின்னியது. அந்தக் கணமே அது படம் எடுக்கத் தொடங்கியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது: முதல் சில படங்களில் இருந்தது அவருடைய முகம், மூக்கு பெருத்து, கண் விரிந்து. அவர் வாழ்நாளில் அவரை யாரும் அப்படி எடுத்ததில்லை.*

* மாத்திரை கடைசியில் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். போக வேண்டிய வழியில் போய்விடும். அந்தப் படங்களை எந்த டாக்டரும் போட்டுக் காட்டுவதில்லை.

3

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். வீட்டுக்கு வந்தும் அந்த மாத்திரை என்னை விடவில்லை. கசக்கிப் போட்ட தாளை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.

இதே நேரத்தில் யாரோ ஒருவர் வாசல்மணியை அழுத்திவிட்டுத் தலையைக் கோதிக்கொள்கிறார்; உள்ளே இருப்பவருக்கு அது திரையில் தெரிகிறது. ஒரு நாட்டியக்காரி தன் சுழற்சியை மெதுவாக ஓடவிட்டு, குதிகால் எங்கே தவறியது என்று தேடுகிறாள். காட்டில் மரத்தோடு கட்டிய ஒரு கேமரா, வருமோ வராதோ தெரியாத ஒரு விலங்குக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. ஒரு மலையுச்சியில், நாம் யாரும் பிறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்ட வெளிச்சத்தை ஒரு தொலைநோக்கி இப்போதுதான் வாங்கிச் சேர்க்கிறது. பல் டாக்டர் ஒருவர் திரையில் கடைவாயைக் காட்டி, நன்றாக உடுத்தி வந்த ஒருவரைக் கூனிக்குறுக வைக்கிறார்.

இத்தனையும் ஒரு துளை, கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. மலைத்துப்போனதை மறைத்துக்கொண்டு எழுதும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

(ஆசிரியை இந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.)

4

மாத்திரையைக் கையில் தருவதற்கு முன்பே கட்டிவிட்டிருந்தார்கள்: வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பதிவுப் பெட்டி. மாத்திரை உள்ளேயிருந்து அனுப்பும் படங்களை அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளும். வாங்குகிறது என்பதற்கு அடையாளமாக அதில் ஒரு நீல விளக்கு துடிக்கும்.

"சாயங்காலம் வரைக்கும் இதைக் கழட்டாதீங்க. மத்தபடி உங்க வேலையைப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அங்கேதான் வந்தது வினை. பார்க்கச் சொன்ன வேலையைப் பார்க்க அவர் ஸ்டுடியோவுக்குப் போனார். பாத்திரக்கடை மேலாளர் ஒரு மின்சாரக் கெட்டிலோடு காத்திருந்தார், விளம்பரத்துக்கு.

(முதலில் கெட்டில் இருக்கும் இடத்தில் ஒரு பச்சைக்குழந்தையை எழுதியிருந்தேன். உள்ளே ஓர் உயிர், வெளியே ஓர் உயிர் என்றெல்லாம். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. அவர் சொன்னது கெட்டில்தான். கெட்டிலாகவே இருக்கட்டும்.)

பளபளக்கும் எவர்சில்வர் சாமானைப் படம் எடுப்பதைப்போல் பிடுங்கல் பிடித்த வேலை கிடையாது. அறையில் இருப்பதெல்லாம் அதன் வயிற்றில் தெரியும். போட்டோக்காரர் கெட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணியில் கூடாரம் கட்டி, லென்ஸ் நுழைய மட்டும் ஒரு துவாரம் விட்டார். எடுத்துப் பார்த்தார். கெட்டிலின் தோளில் ஒரு நீலப் புள்ளி.

இந்த மாதிரி வேலைக்கு முன்னால் மோதிரம், கைக்கடிகாரம், மின்னுவது எதுவானாலும் கழற்றி வெளியே வைப்பது அவர் கைக்கு ஊறிப்போன பழக்கம். மூளையைக் கேட்காமலே கை வேலை செய்தது. பட்டையிலிருந்து ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கடிகாரத்தோடு சேர்த்து வெளியே நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார்.

நீலப் புள்ளி போய்விட்டது. விளக்கைச் சற்று இறக்கினார், தூக்கினார், துணியை இழுத்துவிட்டார். கெட்டில் அழகாக வந்தது. மேலாளர் படத்தைப் பார்த்து, "இது எங்க கடைக் கெட்டில்தானா?" என்று கேட்டாராம். அந்தப் பூரிப்பில் வெளியே வந்தவர் நாற்காலியைப் பார்த்தார். நீல விளக்கு துடிக்காமல் பெட்டி சும்மா கிடந்தது.

அவசர அவசரமாக மாட்டிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

5

டாக்டர் திரையை ஓடவிட்டார். மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. நாளெல்லாம் ஊரார் வீட்டு முகங்களை ஓட்டிப் பார்ப்பவள்.

ரோஜா நிறத்தில் ஒரு குகை. சுவரெல்லாம் புதுத் துண்டின் இழைபோல மெத்தென்று நின்று அசைந்தது. எங்கும் ஈரம், எங்கும் வெளிச்சம். போட்டோக்காரர் நோயை மறந்துவிட்டார்.

"இது என்னோடதா?" என்றார்.

"உங்களோடதுதான்."

"இத்தனை வருஷம் இதைச் சுமந்துக்கிட்டா முகூர்த்தத்துக்கெல்லாம் ஓடினேன்?"

திரை சட்டென்று கறுத்தது. டாக்டர் ஓட்டினார், கறுப்பு. இன்னும் ஓட்டினார், கறுப்பு. மறுபடி குகை வந்தபோது சுவரோரம் ஒரு கருஞ்சிவப்பு இழை இறங்கிக்கொண்டிருந்தது.

"கறுப்புக்கு முன்னாடி சுத்தமா இருக்கு. பின்னாடி ரத்தம் இருக்கு. அப்போ கசியற இடம் இந்தக் கறுப்புக்குள்ளதான்" என்றார் டாக்டர். "அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

போட்டோக்காரர் தன் முழங்காலைத் தடவினார்.

"ஒரு கெட்டிலை எடுத்துக்கிட்டிருந்தேன்."

மனைவி திரும்பினாள். "கெட்டிலா?"

"எவர்சில்வர். நீல லைட் அதுல விழுந்துச்சு. அதான்..."

(இவள் இங்கே கத்துவதாக அரைப்பக்கம் எழுதினேன். நம்பும்படியாக இல்லை. வெட்டி ஒட்டும் வேலைக்காரி, கையில் இல்லாத காட்சிக்காகக் கத்தி என்ன பயன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அரைப்பக்கத்தையும் அடித்துவிட்டேன்.)

அவள் கேட்டது டாக்டரிடம். "அங்க என்ன இருக்கும் டாக்டர்?"

"சின்ன ரத்தக்குழாய் ஒண்ணு புடைச்சுக் கசியலாம். அப்படின்னா சுட்டு அடைச்சிடலாம். கட்டியாவும் இருக்கலாம். பாக்காம நான் வாயைத் திறக்க மாட்டேன். இன்னொரு தடவை முழுங்கணும்."

படியில் இறங்கும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெட்டில் நல்லா வந்துச்சா?" என்றாள்.

"ரொம்ப நல்லா வந்துச்சு."

"நாசமாப் போச்சு" என்றாள். பிடித்த கையை விடவில்லை.

6

அவர் எனக்குச் சொன்னது இதுவரைதான். படங்களை உறையில் போட்டுக் கொடுத்தார், நான் வந்துவிட்டேன். இனி என் பொறுப்பு.

முடிவு ஒன்று. ரத்தக்குழாய்தான். சுட்டு அடைத்தார்கள். கை நடுக்கம் நின்றது. (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் சமாதானத்துக்காக அவர் உடம்பை நான் சரிசெய்வதுபோல் இருக்கிறது.)

முடிவு இரண்டு. "டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு—" (இதற்கு மேல் எழுதவில்லை. என் தாடையை நிமிர்த்திய மனிதர் அவர்.)

முடிவு மூன்று. எழுதத் துணிந்தவரை எழுதுகிறேன்:

இந்த முறை ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி அன்று முழுக்க அவர் இடுப்பில் துடித்தது, மனைவி அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் அதே அறை, அதே திரை. டாக்டர் ஓடவிடும் முன் போட்டோக்காரர் எழுந்து, தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"நீ அதைப் பாரு. நான் உன்னைப் பாக்கறேன்."

முகத்தைப் படிப்பது அவர் பிழைப்பு. சிரிப்பு வாய்க்கு வருவதற்கு முன்பே கண்ணுக்குக் கீழே எது அசையும், அழுகைக்கு முன் எது இறுகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அத்தனை முகத்தையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துவாரத்தின் வழியாகவே பார்த்தவர். இப்போது கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தார்.

திரையின் ரோஜா வெளிச்சம் அவள் கன்னத்தில் ஓடியது. குகை நீண்டுகொண்டே போனது. போன முறை கறுத்த இடம் நெருங்கியபோது டாக்டர் வேகத்தைக் குறைத்தார்.

"இதோ, இங்க" என்றார். படம் நின்றது.

அவள் முன்னால் சாய்ந்தாள். கண்ணுக்குக் கீழே ஏதோ அசைந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

நான் பார்க்கவில்லை. எனக்கு அவள் முகம் தெரியாது. ஸ்டுடியோவில் அன்று அவர் மட்டும்தான் இருந்தார். உங்களுக்கு ஒரு முகம் தெரியும். நல்ல சேதியும் கெட்ட சேதியும் வாய்க்கு வருமுன் அந்த முகத்தில் எப்படி வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். கொஞ்ச நேரம் ஆனாலும் பரவாயில்லை, அவர் காத்திருப்பார்.

அவள் கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டு, "ஏங்க" என்றாள்.

அடுத்ததை நீங்கள் சொல்லுங்கள்.