சகலைக்கு வந்த பேய்

புயல், இடி, பலத்த காற்று ஆகிய காலங்களில் கிடைக்கும் பேய்கள் செல்லாது என்று அகில உலக அமானுஷ்ய ஆய்வுக் கழகம் இதனால் சகலருக்கும் அறிவித்தது. கழகத்தின் அகில உலகமும் தலைவர் வீட்டு மாடி அறைக்குள் அடங்கும். அறிவிப்பும் சகலருக்கும் அல்ல, அவருடைய சகலைக்குத்தான்.

தலை நரைக்கும்வரை பாழடைந்த வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து பார்த்தவர் தலைவர். ஒரு முனகல்கூடச் சிக்கியதில்லை. போன மாதம் சேர்ந்த சகலையோ முதல் நாளே, கொட்டும் புயல் மழையில், ஆற்றோரத்துக் காலி வீட்டில் மூன்று தட்டல்களைப் பதிவு செய்துகொண்டு வந்துவிட்டார். அவரையே தலைவராக்கினால் என்ன என்று உறுப்பினர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் போன அன்னைக்கே பேய் வந்து தட்டுது. உங்களுக்கு ஒரு எலியாவது வந்துச்சா?" என்றாள் மனைவி.

"அது பேயில்ல, ஜன்னல் கதவு. காத்துல அடிச்சிருக்கு."

"அதுக்கு ஏன் உங்களுக்கு வயிறு எரியுது?"

அடுத்த புயலன்று மதியமே சகலையை ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார் தலைவர். "நீ கார்லயே இரு. உள்ள வந்தா சோதனை கெட்டுடும்." காரில் ஒரு கண்ணாடி மேலே ஏறாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

வாசலை உள்ளே தாழிட்டார். ஜன்னல் கதவுகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். இனி சத்தம் வராது. சகலையின் பேய் வெறும் ஜன்னல் என்று ஆகிவிடும். கருவியை ஓடவிட்டு, வழக்கப்படி, "யாராவது இருக்கீங்களா?" என்றார்.

இடி இடித்தது. பிறகு கொல்லைப்புறத்திலிருந்து மூன்று தட்டல்.

தலைவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்நாளின் முதல் பேய். கண்கூடக் கலங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: அதே மூன்று. இது தன் பேயல்ல, சகலையின் பேய். வெளியே சொன்னால் நாற்காலி அவனுக்கு.

"இத்தனை வருஷமா எங்க போய்த் தொலைஞ்சே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதிவை அழித்தார்.

மழை விட்டதும் கொல்லைக் கதவைத் திறந்தார். சகலை சொட்டச் சொட்ட நின்றிருந்தார்.

"கார் பூரா தண்ணி, அண்ணே. எவ்வளவு நேரமா தட்டுறேன். யாராவது இருக்கீங்களான்னு நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. நான்தான் அண்ணே, நான்தான் அண்ணேன்னு கத்துறேன், இடியில உங்களுக்குக் கேக்கல போல. கருவியில விழுந்திருக்கும், போட்டுப் பாருங்க."

புயலில் கிடைக்கும் பேய் செல்லாது என்பதற்கு உலகத்திலேயே இருந்த ஒரே ஆதாரம் அந்தப் பதிவுதான்.

சகலை இப்போது தலைவர்.