துடைப்பம் ஏந்திய சிலை

துணிக்கு அளவெடுக்கத் தெரிந்த தையல்காரருக்குப் பெருமை பேசுவதில் மட்டும் அளவு தெரியாது. வட்டார அருங்காட்சியகத்தில் ஒவ்வோர் இனத்தாருக்கும் ஓர் அறை அமைக்கப்போவதாகச் சொல்லிக் காப்பாட்சியர் செய்தி திரட்ட வந்தார். அடுத்த தெருவில் இருந்த வேறோர் இனத்தார் ஏற்கெனவே தம் அருமை பெருமைகளை அளந்துவிட்டிருந்தனர். தையல்காரர் விட்டுக்கொடுப்பாரா?

"எங்க ஜனத்துல சமைக்கறது, பெருக்கறது, துவைக்கறது எல்லாம் ஆம்பிளைங்கதாங்க. காலங்காலமா!"

காப்பாட்சியர் வாயைப் பிளந்தார்; தையல்காரரை நாற்புறமும் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார். தண்ணீரைக்கூடத் தாமாக மொண்டு குடித்தறியாத தையல்காரர் பூரித்துப்போனார்.

திறப்பு விழா நாளில், தம் இனத்தாரின் அறைக்குள் நுழைந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சுவர் அகலத் திரையில், அவர் இனத்து ஆண்களாக வேடமிட்ட நடிகர்கள் வரிசையாக அமர்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் துடைப்பமும் கையுமாக ஓர் ஆளுயரச் சிலை. முகம் அச்சு அசல் அவருடையது. எதிரே, இடுப்பில் கை வைத்தபடி அவர் மனைவி. பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும்.

"ஏங்க, இது உங்க மூஞ்சிதானே?"

"அது சும்மா... ஒரு கலைக்காக..."

"காலங்காலமான்னு பலகையில போட்டிருக்கு. அப்ப இத்தன வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

"அக்கா, எங்க வீட்டுக்காரரையும் இழுத்துட்டு வந்து காட்டணும்," என்றாள் அவருடைய தம்பி மனைவி.

மாலையே தம்பி கடையேறி வந்தான். "அண்ணே, நீ விட்ட கதைக்கு நான் பாத்திரம் தேய்க்கறேன். எல்லாம் பொய்யின்னு நாளைக்கே போய்ச் சொல்லிடு. இல்லேன்னா தெருவுல ஒருத்தன்கூட உன்கிட்ட துணி தைக்கக் குடுக்க மாட்டான்."

சொன்னால் அறையைப் பூட்டிவிடுவார்கள்; அடுத்த தெரு கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் பிழைப்பில் மண் விழும். மானத்தைவிடப் பிழைப்பே பெரிதென்று முடிவு கட்டி, மறுநாள் காலை அவர் கிளம்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? வாசலைப் பெருக்கிட்டுப் போங்க." மனைவி துடைப்பத்தைக் கையில் திணித்தாள்.

அவர் ஏனோதானோவென்று பெருக்கிக்கொண்டிருக்கையில் வாசலில் வண்டி வந்து நின்றது. கேமராவுடன் இறங்கினார் காப்பாட்சியர்.

"மன்னிக்கணும் ஐயா. எங்க இயக்குநருக்கு ஒரு சந்தேகம். நேர்ல பார்த்துட்டு வரச் சொன்னாரு." துடைப்பத்தைப் பார்த்தார்; எதிர்வீட்டுக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். கேமராவை உயர்த்தினார். "இனிமே யாரு சந்தேகப்பட முடியும்!"

உண்மையைச் சொல்லத் தையல்காரர் வாயெடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க சார். அடுத்தது துவைப்பாரு. அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

எதிர்வீட்டில் ஒரு குண்டான் கைநழுவி, தெருவரைக்கும் உருண்டோடி வந்தது.