ஷௌகியின் இரண்டாவது சிம்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டியின் பின்பெட்டியில் ஆறு வீட்டுக் காலைச் சாப்பாடு, அவித்த மொச்சையும் சூடான ரொட்டியும். சைலன்சருக்குள் தண்ணீர் ஏறாமல் முதல் கியரிலேயே உறுமவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். விரல்கள் மரத்துப்போய் பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியவில்லை. கடல் தடுப்புச்சுவரைத் தாண்டி வந்து முகத்தில் அறைந்தது. உதட்டில் உப்பு.

சுவரோரம் ஒருவர் நின்றிருந்தார். எங்கள் டெலிவரி கம்பெனியின் ஆரஞ்சு மழைக்கோட்டு. போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். மித்வல்லி அண்ணன். எங்கள் வண்டிக்கூட்டத்திலேயே மூத்தவர்.

"யாருப்பா அது? தம்பி, உனக்கு நெட்டு வருதா?" என்று கத்தினார்.

மழையிலும் இருட்டிலும் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டுப் போயேபோய்விட்டேன். என் சட்டைப்பைக்குள் ஏழாவது ஆர்டர் வந்து விழுந்த மணி கேட்டது.

தூ, நானும் ஒரு மனுஷனா?

விஷயம் இதுதான். அலெக்சாந்திரியாவில் ஒவ்வொரு புயலுக்கும் பெயர் உண்டு, நாள் உண்டு. நவம்பர் நடுவில் வருவது துடைப்பப் புயல். போன வருஷத் துடைப்பத்தில் இரண்டு நாள் எங்கள் போன்களில் நெட் செத்துக் கிடந்தது. வேலை நேரத்தில் கால்மணிக்கு மேல் நெட் இல்லாவிட்டால் கம்பெனியின் ஆப் 'வரவில்லை' என்று குறித்துவிடும். ஒரே மாதத்தில் மூன்று குறி விழுந்தால் கணக்கு பூட்டப்படும். பூட்டிய கணக்கு திறந்ததாகச் சரித்திரம் இல்லை. மித்வல்லி அண்ணனுக்கு இந்த மாதம் ஏற்கெனவே ஒன்று விழுந்திருந்தது, புயலின் முதல் நாளோடு இரண்டு.

இந்தப் புயல் பயத்தில்தான் பத்து நாள் முன்னால் டீ வண்டியருகே கூடிப் பேசி என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் முன்பு போன் ரிப்பேர் கடையில் இருந்தவன்.

"நமக்கெல்லாம் கம்பெனி குடுத்த ஒரே மாதிரி சிம். அது படுத்தா எட்டுப் பேரும் படுத்தோம்" என்றார் மித்வல்லி. "வேற எந்தச் சிம் புயல்ல நிக்கும்னு பார்த்துச் சொல்லுடா ஷௌகி. எட்டுப் பேரும் அதையே வாங்கிப் போட்டுக்குவோம். உன் வார்த்தைதான்."

நான் கவ்ஸர் அக்காவின் சிம் கடைக்குப் போனேன்.

"மாசக் கட்டணம் வேண்டாம், முன்பணம் போட்டுப் பேசுறதே போதும்" என்றாள் அக்கா. "ரெண்டாவது சிம் தலைவலி மாத்திரை மாதிரி, வேணும்ங்கும்போது இருந்தாப் போதும். ஆனா மாசம் ஒரு தடவையாவது தொட்டுக்கோ, இல்லைன்னா லைனை வெட்டிடுவான். அப்புறம் முக்கியமான ஒண்ணு. உன் சிம்மு தொங்குற டவர்லயே தொங்குற சிம்மை வாங்காதே. ஒரே கிணத்துல ரெண்டு வாளி விட்டு என்ன பிரயோஜனம்?"

விலையைப் பார்க்காதே, நீ நிற்கிற இடத்தில் நின்று பார் என்று சொல்லி, தன் சோதனைச் சிம்கள் மூன்றைக் கையில் கொடுத்தாள். இரண்டு நாள் அலைந்தேன். முதலாவது கடற்கரையில் பறந்தது, மீன் சந்தைச் சந்துக்குள் நுழைந்ததும் உயிரை விட்டது. இரண்டாவது எங்கள் டவரிலேயே தொங்கியது. மூன்றாவது, யாரும் சீந்தாத ஊதா நிறச் சிம். மாடிக்கட்டடத்தின் படிக்கட்டு, சந்தை, பாலத்தின் அடி, எல்லா இடத்திலும் நின்றது.

அதை என் பெயரில் வாங்கி என் போனின் இரண்டாவது துளையில் போட்டேன். டீ வண்டிக்குத் திரும்பி வந்து சொன்னேன்: "ஒண்ணும் சரியில்லை அண்ணே. எல்லாம் ஒரே குப்பை."

ஏன் சொன்னேன்? மற்ற ஏழு போனிலும் நெட் போய் என் போனில் மட்டும் இருந்தால் எல்லா ஆர்டரும் எனக்குத்தானே வரும். மனைவிக்கு இது எட்டாம் மாதம் என்று காரணம் சொல்லலாம். மித்வல்லிக்கு வீடு இல்லையா, பிள்ளை இல்லையா? வெட்கம் கெட்டவனுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்!

"சரிடா தம்பி, நீ சொன்னாச் சரிதான்" என்று அவர் என் தோளில் தட்டினார். அந்தத் தோள் அன்றிலிருந்து கூசுகிறது.

அந்த விடியலுக்கு முந்தின நாள் துடைப்பம் வந்தது. நெட் போனதும் எங்கள் வழக்கப்படி எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி சீட்டின்மேல் மல்லாத்தி வைத்தார்கள். ஹெல்மெட் மல்லாந்தால் அந்த வண்டி ஓடாது என்று அர்த்தம். நானும் மல்லாத்தி வைத்தேன். பத்து நிமிஷம் கழித்துக் காய்ச்சல் என்று முனகிவிட்டு, அதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தவன்தான் அந்த விடியலில் தலையாட்டியவன்.

அன்று மத்தியானம் மித்வல்லியின் கணக்கு பூட்டப்பட்டது. எட்டுப் பேரும் சொட்டச் சொட்ட ஆபீசுக்குப் போனோம். மேற்பார்வையாளர் உஸ்தாத் ரமீஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உஸ்தாத், நெட்டு விழுந்தது எங்க தப்பா?" என்று கேட்டார் மித்வல்லி.

"நெட்டு விழலையே. வேலை செய்ய மனசு இருந்தவனுக்கு நெட்டு இருந்துச்சு." ரமீஸ் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இதோ, ஷௌகி. இதே கடற்கரை, இதே புயல். நேத்தும் இன்னைக்கும் சேர்த்து முப்பத்தோரு ஆர்டர். கத்துக்கோங்கய்யா!"

ஏழு தலைகள் என் பக்கம் திரும்பின.

"காய்ச்சல்னு சொன்னியேடா?" என்றார் மித்வல்லி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பிறகு மெதுவாக, "விடியக்காலைல சுவரோரம் போனது நீதானா?" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"நான்தான் அண்ணே. சிம் கிடைச்சுது. இல்லைன்னு பொய் சொன்னேன்."

ரமீஸ் சிரித்தார். "இதுல அழுறதுக்கு என்ன இருக்கு? புத்திசாலி, பொழைக்கத் தெரிஞ்சவன். நீங்களும் ஆளுக்கொரு சிம் வாங்குங்க. மித்வல்லி கணக்கு பூட்டினது பூட்டினதுதான்."

"வண்டி எங்களுது, பெட்ரோல் எங்களுது, போனு எங்களுது" என்றார் மித்வல்லி. "இனி டவரையும் நாங்களே நட்டுக்கணுமா உஸ்தாத்?"

"நீங்க தொழிலாளிங்க இல்லைய்யா. எங்க பங்காளிங்க."

"பங்காளின்னா ஹீட்டர்ல பாதி எங்க?" என்றான் ஸகீ. எங்களில் வாய்த்துடுக்கு அவன்தான்.

நான் வாயைத் திறந்தேன். "உஸ்தாத், என் ஆர்டரைக் காட்டி அவர் கணக்கைப் பூட்டாதீங்க. அது திருட்டு ஆர்டர். ஏழு பேர் நெட்டு செத்ததாலதான் எனக்கு அவ்வளவு வந்தது. நெட்டு விழுந்தா 'வரவில்லை'ன்னு போடக் கூடாது. இரண்டாவது சிம் கம்பெனிதான் தரணும்."

"வாய் நீளுது ஷௌகி. உன் கணக்கையும் பூட்ட ஒரு நிமிஷம் போதும்."

வெளியே வந்தோம். டீ வண்டிவரை என்னோடு யாரும் பேசவில்லை. ஸகீ மட்டும், "காய்ச்சல் இறங்கிடுச்சா போன் டாக்டர்?" என்றான். கூட இருந்தே குழி பறித்தவனுக்கு அது குறைந்த தண்டனைதான்.

நாளைக் காலையிலிருந்து ஓடுவதில்லை, அண்ணனின் கணக்கைத் திறக்கும்வரை நிறுத்தம் என்று முடிவானது. ஆனால் நாங்கள் எட்டுப் பேர் நின்றால் போதுமா? மியாமி, மந்தரா, அகமீ என்று ஊரின் ஒவ்வொரு பேட்டையிலும் எங்களைப் போல் வண்டிக்கூட்டங்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது? விழுந்தது எங்கள் டவர்தான், அவர்கள் பக்கம் நெட் இருந்தது; ஆனால் சாலையெல்லாம் தண்ணீர், எங்கள் போனெல்லாம் பிணம்.

"என் போன்ல நெட்டு இருக்கு" என்றேன்.

அவர்களுடைய பார்வையைத் தாங்க முடியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹாட்ஸ்பாட்டைத் திற" என்றார் மித்வல்லி. "பூட்டுப் போடாமத் திற."

திறந்தேன். ஏழு பேரும் என்னைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஈரத் தோள்கள் என்மேல் உரசின. மன்னித்ததால் அல்ல, சிக்னலுக்காக. ஆனாலும் அந்தச் சூடு எனக்குத் தேவையாக இருந்தது. ஸகீ எழுதினான்: 'மித்வல்லியைப் பூட்டிட்டாங்க. நாளைக்கு உங்க முறை. ஹெல்மெட்டை மல்லாத்துங்க.' ஏழு போன்களிலிருந்தும் அது போயிற்று.

அந்நேரம் பார்த்து என் திரையில் ஆர்டர்கள் கொட்டத் தொடங்கின. ஒன்பது, பத்து, பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் இரட்டைக் கூலி. கூடவே ரமீஸின் செய்தி: 'ஷௌகி, இந்தக் கரையில நீ ஒருத்தன்தான் இருக்கே. எடு. பேசினதை மறந்துடுறேன்.'

எல்லோரும் பார்த்தார்கள். என் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி நின்றது. பிறகு ஆப்பை மூடினேன்.

"டேட்டா எவ்வளவு மிச்சம்?" என்றார் மித்வல்லி.

"பாதிக்கு மேல இருக்கு அண்ணே."

"தீரட்டும்."

மந்தராவிலிருந்து முதல் பதில் ஒரு படமாக வந்தது. மழையில் ஐந்து வண்டிகள், ஐந்து சீட்டிலும் மல்லாந்த ஹெல்மெட்டுகள். அடுத்தது அகமீ, பதினொன்று. மியாமியிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. ரமீஸிடமிருந்தும்தான்.

நான் என் வண்டியருகே போய் ஹெல்மெட்டை சீட்டில் மல்லாத்தி வைத்தேன். பின்னாலேயே வந்த மித்வல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி என்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. உள்மெத்தை நனைந்து, மெல்ல மெல்லத் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. இனி அதை எடுத்துத் தலையில் மாட்ட முடியாது.

"நிறையட்டும்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த டீ கிளாஸில் பாதியைக் குடித்து மீதியை என்னிடம் நீட்டினார்.