வெள்ளைக்குப் பக்கத்து நிறம்

பரிமளம் அக்கா எங்கள் ஸ்டூடியோவுக்குப் படியேறி வந்த அன்று, இவர் அலுமாரிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சாம்பல் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். இவர் என்றால் றிஸ்வி, என் கணவர். கண்டி டவுனில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. படம் பிடிப்பது அவர். பெண்களுக்குத் தலை வாரிவிடுவது, குழந்தைகளைச் சிரிக்கவைப்பது, மாப்பிள்ளைமாரின் கொலரை இழுத்துச் சரிசெய்வது, இவருக்குக் கோபம் வந்தால் வந்தவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் நான். அக்காவுக்கு அன்று கிடைத்த முதல் வரவேற்பு அலுமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்தான்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெமராவுக்கு வெள்ளை எதுவென்று தானாகத் தெரியாது. பல்பு வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையை மஞ்சள் என்று சொல்லும், மழை மூட்டத்தில் நீலம் என்று சொல்லும். நம் கண் அதையெல்லாம் கேட்காமலே சரிசெய்துகொள்கிறது. கெமராவுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக எந்த நிறமும் கலக்காத ஒரு சாம்பல் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து முதலில் ஒரு படம் எடுப்பார் இவர். "இதுதான் நிறமில்லாதது, மற்றதையெல்லாம் இதை வைத்துப் பார்த்துக்கொள்" என்று கெமராவுக்குப் பாடம். அதன் பிறகு வருகிற முகம் உள்ளபடி இருக்கும். முகத்தை வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேட்டவர்களை இவர் வந்த வழியே அனுப்பியிருக்கிறார். அதனால் ஊரில் எங்களுக்கு நல்ல பேர். பேரை வைத்துச் சோறாக்க முடியாது என்பதை நான் அடிக்கடி நினைவூட்டுவேன்.

அட்டை அலுமாரிக்கு அடியில் இல்லை. கடுகண்ணாவையில் எடுத்த ஒரு கல்யாணத்தில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்து, தலையில் ஒட்டடையோடு எழுந்து நின்றார்.

அக்காவைக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டேன். மஹய்யாவையில் வீடு, மாநகரசபையில் ஒரு பிரிவில் தேநீர் போடுகிற வேலை, மகள் கட்டாரில் இருக்கிறாள், படம் மகளுக்கு அனுப்புவதற்கு. இவ்வளவுதான் சொன்னாள். பொட்டில்லாத நெற்றி. பதில் சொல்லும்போதெல்லாம் முந்தானையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். அந்த மூலையில் எங்களுக்கு ஒரு பழைய மஞ்சள் பல்புதான், அதற்கடியில் எல்லாச் சேலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். சீப்பை வைத்ததும் எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நான் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது படம் முடிந்து, அக்காவின் போனுக்கு அனுப்பியாகி, அவளும் போயிருந்தாள்.

"அட்டை இல்லாம எப்பிடி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"அவங்கட சீல வெள்ள தானே. அட்டைக்குப் பதிலா அதுலயே புடிச்சிட்டேன்" என்றார். "மொகம் கொஞ்சம் பச்சையடிச்சிச்சி. படிக்கட்டுக்கு ஊட்டுக்காரர் பூசின பச்ச பெயின்ட்டு ஈக்கே, அதுட வேல. மொகத்த மட்டும் தனியா சரியாக்கிட்டேன்."

படத்தை நானும் பார்த்தேன். வெள்ளைச் சேலையில் ஒரு கைம்பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து இவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்த நேரம், கரண்ட் போய்விட்டது. அந்த இருட்டில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அதே சேலையைக் கட்டிக்கொண்டு பரிமளம் அக்கா நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"தம்பி, படத்துல இருக்கிறது என் சீலை இல்ல."

இவருக்கு உடனே ஏறிவிட்டது. "என்னா அக்கா இது? நீங்க கட்டின சீல தானே? எண்ட கெமரா பொய் சொல்லாது."

"சும்மா இரிங்கொ நீங்க" என்று இவரை அடக்கிவிட்டு, அவளைக் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிவந்து உட்காரவைத்தேன். பிளாஸ்கில் இருந்த பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் தேநீர் போடுகிறவளுக்கு என் தேநீர் பிடித்திருக்காது, ஆனாலும் குடித்தாள். குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

வத்தேகமையில் செல்லப்பா என்று ஒருவர், பாத்திரக்கடைக்காரர், மனைவியை இழந்தவர். கடை லைசன்ஸ் விஷயமாக வருடத்துக்கு ஒருதரம் கண்டிக்கு வரவேண்டியவர், அக்காவின் தேநீரைக் குடித்த பிறகு மாதத்துக்கு ஒருதரம் வர ஆரம்பித்தார். ஒருநாள் நேரே மகளுக்கே போன் எடுத்து, அம்மாவைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன் என்று கேட்டுவிட்டார். மகளுக்குச் சந்தோஷம். ஆனால் அம்மாவின் மனதில் என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் போன நாளிலிருந்து கோயிலென்றாலும் கல்யாணவீடென்றாலும் வெள்ளையைத் தவிர வேறு கட்டாத அம்மா.

"பாப்பா சொன்னா தங்கச்சி, 'அம்மா, நீ வாயால ஒன்னும் சொல்ல வேணாம், ஒனக்கு வெக்கமா இருக்கும். சம்மதம்னா ஒரு கலர் சீலை கட்டி படம் எடுத்து அனுப்பு. நான் வெளங்கிக்கிறேன்'னு."

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி போன் எடுத்து அழுவுறா. 'இதுக்குக்கூட வெள்ளையில போயி ஒக்காந்திருக்கியேம்மா. சரி, இனி நான் கேக்கமாட்டேன்'ங்கிறா. இன்னிக்கி அவளுக்கு லீவு. பின்னேரம் அவருகிட்ட பேசி, அம்மாவுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிருவேன்னு சொல்லிட்டா."

"வெள்ளை இல்லண்டு நீங்க சொல்லலயா அக்கா?"

"எப்பிடி சொல்றது? அப்பா இல்லாத வீட்டுல வளந்த புள்ளகிட்ட, எனக்கு ஒரு ஆம்பள தொணை வேணும்னு நானே கேக்கிற மாதிரி இல்லயா? வாய் வரல. படம் சொல்லும்னுதானே இங்க வந்தேன்." அவள் சேலைத் தலைப்பை மடியில் விரித்துத் தடவினாள். "கடையில செவப்பு, பச்சை, மஞ்சா எல்லாம் எடுத்து போட்டாங்க. ஒவ்வொன்னா தள்ளித் தள்ளி, தைரியம் கொறஞ்சிக் கொறஞ்சி, கடைசியா இதுகிட்ட வந்து நின்னேன். கடக்காரன்கூட சொன்னான், 'அக்கா, வெள்ளை வேணும்னா வேற இருக்கு, இது வெள்ளை இல்ல'ன்னு. அவன் அப்பிடி சொன்னதாலதான் இத எடுத்தேன். இத கட்டிக்கிட்டு மஹய்யாவயில இருந்து ரெண்டு தரம் நடந்து வந்துட்டேன். ஒருத்தரும் ஒன்னும் கேக்கல."

நான் சேலையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஜன்னல் வெளிச்சத்திலும் எனக்கு அது வெள்ளையாகத்தான் பட்டது. என்ன நினைத்தேனோ, எட்டி இவருடைய தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்து அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவ்வளவுதான், பக்கத்தில் ஒரு வெள்ளை வந்ததும் சேலை தன் நிறத்தைக் காட்டிவிட்டது. ஜம்புப் பழத்தைக் கடித்தால் தோலுக்கு உள்பக்கமாக வெள்ளையில் ஒரு சிவப்பு ஊறியிருக்குமே, அந்த ரோஸ்.

"யா அல்லாஹ்" என்றார் இவர். "அந்த ரோஸத்தான் நான் வெள்ளண்டு கெமராவுக்கு சொல்லிக்குடுத்தீக்கேன். அதான் மொகம் பச்சையடிச்சிருக்கி. பெயின்ட்டுல ஒரு பிழையுமில்ல."

அக்காவுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன்: ரோஸை வெள்ளை என்று நம்பிய கெமரா, அதிலிருந்த சிவப்பைக் கழுவிவிட்டது. அதே அளவு சிவப்பைப் படம் முழுக்கவும் கழுவிவிட்டது, முகம் உட்பட. முகத்தில் மட்டும் இவர் திருப்பிப் பூசியிருக்கிறார். சேலையை அப்படியே விட்டுவிட்டார்.

"திருப்பி எடுப்போம்" என்று எழுந்தவர், சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோன பிறகுதான் கரண்ட் இல்லாதது ஞாபகம் வந்து நின்றார். கெமராவின் பட்டரியும் தீர்ந்து சார்ஜில் கிடந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மகள் பின்னேரம் பேசிவிடுவாள். மடிக்கணினியில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. பழைய படத்தையே திறந்தார். கணினியில் சொட்டு மருந்துக் குழாய் போல ஒரு குறி உண்டு. நிறமில்லாத ஓர் இடத்தில் அதை வைத்து அழுத்தினால், மற்ற நிறங்களெல்லாம் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்தப் படத்தில் நிறமில்லாத இடம் எது? பின்னால் தொங்குவது நீலத் திரை. கதிரை மரம். கழுத்தில் மெல்லிய மஞ்சள் சங்கிலி.

"தொப்பிய போட்டுக்கொண்டு நீங்களும் பக்கத்துல நிண்டிருந்தா சரியாகியிருக்கும்" என்றேன்.

"அதுவும் சரிவராது, நீ நீலம் போட்டுக் கழுவினது" என்றார். இந்த நேரத்திலும் இவருக்குக் கணக்குப் பிழைக்கக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகத் தேடினார். எனக்கு அப்போதுதான் அது பட்டது. காதுக்கு மேலே, நான் வாரிவிட்ட இடத்தில், ஒரு கற்றை நரை. சாயம் படாதது.

"இங்க பாருங்கொ" என்று திரையில் விரலை வைத்தேன். "சாம்பல் அட்டைய தேடி கடுகண்ணாவைக்கு போகத் தேவல்ல."

இவர் என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான புதிதில்தான் கடைசியாகக் கண்டிருக்கிறேன். முகத்தில் பூசியதையெல்லாம் முதலில் எடுத்தார். பிறகு குழாயை அந்த நரையில் வைத்து அழுத்தினார். படம் ஒருதரம் மினுங்கியது. முகத்தில் ரத்தக்களை வந்தது. சேலை மெதுவாக, ஆனால் சந்தேகமில்லாமல், ரோஸானது. அக்கா திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். தன் சேலையைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"இதுதான் தம்பி. இதேதான்."

"அக்கா" என்றார் இவர் தயங்கியபடி. "அவங்கட போன்ல இது தெரியாமப் போனாலும் போகும். சரியான லேசு. வேணுமெண்டா கலர கொஞ்சம் கூட்டி உடட்டா?"

நான் வாயைப் பிளந்தேன். ஒரு மந்திரியின் சகலைக்குக்கூடக் கூட்டாத மனிதர் இவர். அக்கா யோசித்தாள். கூட்டிவிடுங்கள் என்று அவள் சொல்லிவிட வேண்டுமென்று எனக்கு அடித்துக்கொண்டது.

"வேணாம் தம்பி. எங்கிட்ட இருக்கிற தைரியம் இவ்வளவுதான். இருக்கிறது போகட்டும்."

படத்தை அனுப்பினோம். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே செருப்புக் கடையின் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. போன் அடித்தபோது மூன்று பேரும் திடுக்கிட்டோம். மகள், வீடியோவில்.

"அம்மா, இன்னொரு படம் வந்திருக்கே. இது என்னாம்மா? அதே சீலைதானே? கொஞ்சம் என்னமோ மாதிரி இருக்கு, வெளிச்சமா?"

அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஒரு கையில் போனைப் பிடித்து, மறு கையால் முந்தானையைத் தூக்கிப் போனுக்கு முன்னால் விரித்தாள். வெளிச்சம் படட்டும் என்று இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். அங்கே மகளின் திரையில் அம்மாவின் முகமே இருந்திருக்காது.

இவர் பதறிப்போய் என் காதில், "ஐயோ, திர முழுக்க அத காட்டினா போன் அதையே வெள்ளண்டு எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் தள்ளிப் புடிக்கச் சொல்லு" என்றார். சொல்ல வாயெடுத்தேன். பிறகு ஏனோ சொல்லவில்லை. இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ளையாத்தானேம்மா தெரியுது" என்றது மகளின் குரல், சோர்ந்து.

"வெள்ளை இல்ல பாப்பா."

"என்னா? ஒரே எரைச்சலா இருக்கு, கேக்கல."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இருப்பதே அவள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். ஜெனரேட்டர் உறுமியது, கீழே ஒரு பஸ் ஹோர்ன் அடித்து ஓய மறுத்தது. அவள் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ரோஸு!" என்று கத்தினாள். "ரோஸ் சீலை பாப்பா! அம்மா ரோஸ் சீலை கட்டியிருக்கேன்!"

கீழே தெருவில் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். அவனிடம் வாங்க நின்ற பெண்ணும் பார்த்தாள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு சேலைத் தலைப்பு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.