ஊற்றுபவர், எழுதுபவர்

மாதிரிச் செய்முறைத் தேர்வில் அவள் எழுதியிருந்த மூன்று அளவுகளும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. கையெழுத்து முத்து முத்தாக. வகுப்பே அவளை முத்து என்றுதான் கூப்பிடுகிறது. முழு மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்த நான், தற்செயலாக அவள் மேசையைப் பார்த்தேன். நிற்க வைத்திருந்த, அளந்து ஊற்றும் ப்யூரெட் குழாயில் கரைசல் பூஜ்யத்திலேயே நின்றது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

பதினெட்டு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். பொய் அளவைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊத்தாமலே எப்படி எழுதின?"

"எவ்வளவு வரும்னு தெரியும் மிஸ். ரெண்டு வருஷமா எழுதுறேனே."

"அதுக்காக? ஊத்திப் பாத்தா என்ன கொறைஞ்சு போயிடுவ?"

அவள் குழாயின் அடியில் இருந்த திருகைப் பார்த்தாள். "இத எந்தப் பக்கம் திருப்பணும் மிஸ்?"

கோபம் போன இடம் தெரியவில்லை. இது எப்படி நடந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. அலமாரியிலிருந்த ரெக்கார்டு நோட்டுகளை எல்லாம் இறக்கிப் புரட்டினேன். பையன்களின் நோட்டிலும் பெண்களின் கையெழுத்து. வழக்கமாக முத்துவோடு ஒரே மேசையில் நிற்கும், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையனின் நோட்டில் அவன் எழுதியது அவன் பெயர் மட்டும்தான்.

யார் பார்த்த வேலை இது? சுவரில் பட்டியல் தொங்கியது. மேசைக்கு ஒரு பையன், ஒரு பெண், ஊற்றுபவர், எழுதுபவர். எழுதி ஒட்டியது நான்தான். எங்கள் வகுப்பில் ஆண் பெண் வித்தியாசமே இல்லை என்று தலைமையாசிரியரிடம் பீற்றிக்கொண்டதும் நான்தான். பெண்களுக்குக் கையெழுத்து அழகு, பையன்கள் கை சும்மா இருந்தால் வம்பு என்று அப்போது எல்லாமே நியாயமாகப் பட்டது. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

பொதுத்தேர்வின் செய்முறைக்கு நாலே நாள். மாதிரித் தேர்வைப் போல அதிலும் ஆளுக்கு ஒரு மேசை. தவறினால் ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்புக்கு முத்து விண்ணப்பமே போட முடியாது. அவளுக்கோ அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாலை நேரங்களில் ஆய்வகத்தைப் பெண்களுக்கு மட்டும் திறந்துவிட்டேன். வாசலில் நெட்டை வந்து நின்றான்.

"அப்ப எனக்கு யார் மிஸ் எழுதுவா?"

"உன் கைக்கு என்ன கேடு?"

முதல் நாள் முத்து திருகியதில் கரைசல் குபுகுபுவென்று இறங்கி, வெளிர் நிறத்தில் நிற்க வேண்டிய குடுவை பீட்ரூட் சாறாகிவிட்டது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"மிஸ்! ஒரே சொட்டுல மாறிடுச்சு!" குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்புன்னு எத்தன தடவ எழுதியிருப்பேன். இன்னைக்குத்தான் பாக்குறேன்."



தேர்வு முடிந்து தாள்களில் நான் கையெழுத்துப் போடும்போது, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முத்துவின் தாளைக் காட்டினார். "அளவு கொஞ்சம் கூடப் போயிடுச்சு. ஆனா தானே செஞ்சிருக்கா. பாஸ்தான்."

ஓட்டமும் நடையுமாக வெளியே போய் முத்துவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் நின்றார்கள்.

"பிசிக்ஸ் செய்முறைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு மிஸ். அங்கயும் நாங்கதான் எழுதினோம். அந்த லேப் சாவி யார்கிட்ட இருக்கு?"