சேவ் பட்டனுக்கு மூன்று சுற்று

எழில்மொழி வீட்டில் சாமி படம் கிடையாது. ஜாதகம், நல்ல நேரம் எதுவும் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுடைய பகுத்தறிவுக்கு லீவு. சேவ் பட்டனை அழுத்துவதற்கு முன், திரையில் மவுஸின் அம்பு முள்ளை அதைச் சுற்றி மூன்று சுற்று சுற்றுவாள்.

“இன்னாடி பண்ணிகினு கீற?” என்று பக்கத்து நாற்காலி ரூபினா கேட்டதற்கு, “திருஷ்டி சுத்துறேன். இல்லாங்காட்டி சாஃப்ட்வேர் படுத்துக்கும்,” என்றாள்.

ராயபுரத்தில், மீன் வாசனை மாடி வரைக்கும் ஏறி வரும் சின்ன கம்பெனி அது. துறைமுக ஏஜென்ட்டுகளுக்குக் கன்டெய்னர் கணக்கு மென்பொருள் செய்தார்கள். அதில் பிழை தேடுவது இந்த இரண்டு பெண்களின் வேலை. எதை மாற்றினாலும் அத்தனை திரையையும் முதலிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். 2001-இல் ரெக்கார்டர் என்றொரு புரோகிராம் வந்தது. ஒரு தடவை கை செய்வதைப் பதிந்துவிட்டால், அப்புறம் மவுஸ் முள் தானாகவே போய் அதே இடங்களில் கிளிக் செய்யும். எழில்தான் பதிந்தாள். மூன்று சுற்றும் சேர்ந்தே பதிவானது. அது ஓடும்போதெல்லாம் இரண்டு பேரும் டீ கிளாஸும் கையுமாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன நாட்கள் அவை!

எழில் மீஞ்சூருக்கு வாக்கப்பட்டுப் போனாள். மறுவருஷமே ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். ரூபினாவிடம் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. பழைய கம்ப்யூட்டரில் அந்த மூன்று சுற்றுதான் இருந்தது.

2006-இல் அந்தக் கம்ப்யூட்டரையும் உப்புக் காற்று தின்று தீர்த்தது. புதியது வந்து இறங்கிய அன்று மேனேஜர் எத்திராஜ் சொன்னார்: “சாயங்காலத்துக்குள்ள அந்தப் பழைய பதிவு இதுல ஓடலன்னா கடாசிடு. புதுசா ஒருக்கா பதிஞ்சா வேல முடிஞ்சிது. இன்னாத்துக்குப் பழசக் கட்டிகினு அழுவுறது?”

ரூபினா பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த பதிவைப் புதியதில் ஏற்றினாள். முள்ளுக்குக் கண் கிடையாது. பழைய இடத்துக்கேதான் போகும். அதனால் புதிய திரை பழையதைப் போலவே இருந்தாக வேண்டும். திரை அளவை எண்ணூறுக்கு அறுநூறாகக் குறைத்தாள். திரையின் பின்னணியில் இருந்த பளபளப்பான பச்சை மலைப் படத்தை எடுத்தாள். ஸ்கிரீன் சேவரை நிறுத்தினாள். எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். ஓடவிட்டால், முள் மூன்று சுற்று சுற்றிவிட்டு, சேவ் பட்டனுக்குக் கீழே இருந்த கேன்சலை அழுத்தியது. மறுபடியும் கேன்சல். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. வெயில் சாய்ந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சேவ் இருந்த இடத்தில் இப்போது கேன்சல். அது எப்போதும் சேவுக்குக் கீழேதானே இருக்கும்? அப்படியானால் எல்லாமே கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய மானிட்டரின் அடி ஓரம் இருண்டு போயிருந்ததால், எழில் ஸ்டார்ட் பட்டன் உள்ள டாஸ்க்பார் பட்டையை இழுத்துத் திரையின் உச்சியில் வைத்திருந்தாள். “கீய இருட்டு, மேல தூக்கி வெச்சா வெளிச்சம்” என்பாள்.

ரூபினா டாஸ்க்பாரை மேலே இழுத்தாள். எல்லாம் ஒரு பட்டை அளவு கீழே இறங்கியது. ஓடவிட்டாள். முள் சேவ் பட்டனைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி, நச்சென்று அதையே அழுத்தியது.

பின்னால் வந்து நின்ற எத்திராஜ், “அட, ஓடுதே! ஆனா இன்னாத்துக்கு சும்மா சுத்திகினு கீது? டைம் வேஸ்ட்டும்மா. அத்த எடுத்துடு,” என்றார்.

“எடுத்தா சாஃப்ட்வேர் படுத்துக்கும் சார்,” என்றாள் ரூபினா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். திரையில் முள் அடுத்த சேவ் பட்டனுக்கு வந்து சுற்ற ஆரம்பித்தது. ரூபினா மவுஸைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எல்லாத்துக்கும் சுத்திப் போட்டியே,” என்றாள் மெதுவாக. “ஒனக்கு யாருடி சுத்திப் போட்டாங்க?”